தாய்மீன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்துவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு மீனின் நினைவாகவே இருக்கிறது.

நீ இருக்கும் பெர்த்துக்கு வெகு வடக்கே, ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கோகோ என்ற இடம் இருக்கிறது. இன்று வறண்ட நிலம். 38 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். தலையிலும் தோளிலும் எலும்புத் தகடுகளைக் கவசமாக அணிந்த மீன்கள் அங்கே வாழ்ந்தன. அவற்றில் ஒன்று மேட்டர்பிஸ்கிஸ். லத்தீனில் ‘தாய்மீன்’ என்று பொருள். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம்தான்.

2005இல் அது கிடைத்தபோது சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்தது. இத்தகைய கல்லை, வினிகரில் இருக்கிறதே, அந்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். கல் கொஞ்சம் கரைந்ததும் கழுவி, தெரியும் எலும்புக்குப் பசை பூசி, மறுபடியும் ஊறவைப்பார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும், பார்! அப்படிக் கரைத்துவந்தபோதுதான் ஜான் லாங் என்ற ஆய்வாளர் அதன் உடலுக்குள் சின்னஞ்சிறு எலும்புகளைக் கண்டார். தின்ற இரையாக இருக்குமோ? கெட்டியான ஓடுகளையே நொறுக்கும் தாடை அந்த மீனுக்கு. ஆனால் இந்த எலும்புகள் நொறுங்கவில்லை, செரிமானத்தில் அரிபடவும் இல்லை. தாயின் எலும்புகளை அப்படியே சிறிதாக்கி வைத்ததுபோல் இருந்தன. பக்கத்தில் முறுக்கிய இழை ஒன்று கல்லாகிக் கிடந்தது. தொப்புள்கொடி! 2008இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் உடன் ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள்.

பிறகு பழைய சேகரிப்புகளையும் திரும்பப் பார்த்தார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த இன்சிசோஸ்கூட்டம் என்ற கவச மீனின் வயிற்றில் இருந்ததை இரை என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். அதுவும் கருதான். பிள்ளையை இரை என்று இத்தனை காலம் நினைத்திருந்தார்களே என்று படித்தபோது மனம் பதறியது எனக்கு.

எலும்பு கல்லாகும், தெரியும். ஆனால் கொடி? நான்கு நாள் விட்டால் சருகாகிவிடும் அந்த மெல்லிய சதை, அத்தனை கோடி ஆண்டுகள் தாயையும் பிள்ளையையும் விடாமல் இருந்திருக்கிறது. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

உன் கொடி இன்னும் என் பீரோவில் வெள்ளித் தாயத்துக்குள் இருக்கிறது. குழந்தையின் கொடியையும் தூக்கிப் போட்டுவிடாதே. நன்றாகக் காயவிட்டு, பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வை. வரும்போது புதுத் தாயத்து செய்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா