உரித்த தகடு ராத்தங்கக் கூடாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெயின்ட் வேலைக்கு விட்ட பழைய வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏன் இப்படித் திட்டுத் திட்டாக நிற்கிறது?" என்பதுதான். இடது மட்கார்டு சாம்பல் நிறத்தில் இருக்கும், கதவில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கும், பானெட் தனியாகக் கழற்றிக் கிடக்கும். மொத்த வண்டியின் பழைய பெயின்டையும் ஒரே மூச்சில் உரித்துப் போட்டால் வேலை வேகமாக நடப்பது போலத் தெரியும், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் காலையில் உரித்த தகடு அன்று பொழுது சாய்வதற்குள் எபாக்சி பிரைமருக்குள், அதாவது ஈரம் புகாத அடிப்பூச்சுக்குள், போயாக வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் கணக்கு. அம்பாசடர் என்றால் ஒரு நாளில் ஒரு மட்கார்டு, ஒரு கதவு. அதற்கு மேல் தொடமாட்டோம்.

காரணம் சென்னைக் காற்று. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்புத் தகட்டில் துரு வேகம் பிடிக்கும். இங்கே கார்த்திகையில் 85 சர்வசாதாரணம். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தத் தகட்டிலும் பனி இறங்கிவிடும். இரவில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் வண்டி அந்த அளவுக்குத் தாராளமாகக் குளிரும். கண்ணுக்கு ஈரமே தெரியாது. விடிந்து பார்த்தால் தகடு முழுக்க மஞ்சள் பூத்திருக்கும். அதனால் பிரைமர் அடிக்கும்போது தகட்டின் சூடு பனி இறங்கும் புள்ளியை விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். மழை நாளில் "இன்றைக்கு அடிக்கவில்லை" என்று சொன்னால் அதற்கு இதுதான் அர்த்தம்.

இன்னொரு வேண்டுகோள். உரித்த தகட்டைத் தயவுசெய்து தடவிப் பார்க்காதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. மறுநாள் காலையில் அதே இடத்தில் ஐந்து விரலும் ரேகையோடு செம்பழுப்பாகத் தெரியும். துடைத்தால் நிறம் போகும், உப்பு போகாது. அந்த இடத்தை மறுபடி தேய்த்துக் கழுவித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆட்களும் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

உரிப்பதற்குப் பெரும்பாலும் 80 நம்பர் உப்புத்தாள் போட்ட சாண்டரைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தக் கீறல்தான் எபாக்சிக்குப் பிடிமானம். வழவழவென்று தேய்த்து வைத்தால் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பிவிடும். கெமிக்கல் ரிமூவர் வேகமானதுதான். ஆனால் மடிப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு ஆறு மாதம் கழித்துப் புதுப் பெயின்டைக் கொப்பளிக்க வைக்கும். அதனால் கழற்றித் தனியாகக் கழுவ முடிந்த பாகங்களுக்கு மட்டும். மணல் வீச்சு பானெட், கூரை போன்ற பரந்த தகட்டை நெளித்துவிடும். பலர் நினைப்பது போல அது சூட்டால் நெளிவதில்லை. மணல் மோதி மோதி ஒரு பக்கத் தோலை நீட்டிவிடுவதால் நெளிகிறது. சேசிஸுக்கும் கெட்டியான பாகங்களுக்கும் அது சரி.

துரு குழி விழுந்த இடம்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும் இடம். கம்பி பிரஷ் போட்டால் குழி பளபளக்கும், பார்க்கிறவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் பிரஷ் துருவை எடுக்கவில்லை, பாலிஷ் போட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குழியின் அடியில் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும். அதைச் சிறிய மணல் வீச்சுத் துப்பாக்கியால் எடுக்கிறோம், அல்லது பாஸ்பாரிக் அமிலக் கரைசல் போடுகிறோம். அமிலத்தைக் காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே நன்றாகக் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் எபாக்சியை இறுக வைக்கும் ஹார்டனரோடு சண்டை போட்டு, பிரைமர் சரியாக இறுகாது.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் ஆகாது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு, துருவை எடுத்த குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரால்தான் கழுவுகிறோம். பில்லில் "தண்ணீர் கேன்" என்று பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. கடற்கரைப் பக்கம் நின்ற வண்டிகளில் ஒரு தடவை கழுவினால் போதாது. சுத்தம் செய்த குழி ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கறுத்து ஈரம் கோத்தால், உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் கழுவல், ஹீட் கன், காத்திருப்பு.

பிறகு எண்ணெய்ப் பசை நீக்கி, இரண்டு துணி. ஒன்றால் நனைத்துத் துடைக்கிறோம், அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் எடுக்கிறோம். ஆவியாக விட்டால் அழுக்கு இடம் மாறியதோடு சரி. சாயம் போட்ட பனியன் வேஸ்ட் இதற்கு உதவாது. சாயமும் நூலும் தகட்டில் ஒட்டும்.

கம்ப்ரெசரையும் சொல்ல வேண்டும். ஈரக் காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறி ஹோஸ் வழியே பெயின்ட் துப்பாக்கிக்கு வந்துவிடும். டேங்கைக் காலையும் மாலையும் வடிக்கிறோம். தண்ணீர் பிரிப்பானைக் கம்ப்ரெசர் ஓரத்தில் மாட்டினால் பயனில்லை. சூடான காற்றில் ஈரம் ஆவியாகவே அதைக் கடந்து போய்விடும். நீளமான குழாயில் குளிர்ந்த பிறகுதான் பிரிப்பான் வர வேண்டும்.

எபாக்சி டூ-கே வகை, அதாவது பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக வந்து, அடிக்கும் முன் கலப்பது. கலக்கும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டின்னில் உள்ளபடிதான். கண் அளவில் கலப்பது இல்லை. கலந்த பிறகு பெரும்பாலான சரக்கை 15 முதல் 30 நிமிடம் ஊறவிட வேண்டும். இரண்டு கோட், நடுவில் அரை மணி. காய்ந்த பின் சுமார் 50 மைக்ரான் கனம். அம்பாசடருக்கு உள்ளும் வெளியும் சேர்த்து, கலந்த கணக்கில் 4 முதல் 5 லிட்டர் பிடிக்கும். பள்ளம் நிரப்பும் பட்டி இதற்கு மேலேதான். பட்டியில் பாதி டால்க் பவுடர், ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் இல்லை. பல நாள் நின்ற எபாக்சி மேல் அடுத்த கோட் அடிப்பதற்கு முன் 320 நம்பரால் ஒருமுறை கீற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உரியும்.

அடிக்கடி வரும் யோசனைகள் இரண்டு. "ரெட் ஆக்சைடு அடித்து வையுங்கள், பொங்கலுக்கு மேல் பார்ப்போம்." கடையில் வாங்கும் சாதா ரெட் ஆக்சைடு வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் போதும். காருக்குப் போட்டால் அது ஈரத்தை உள்ளே விடும், மேலே டூ-கே பெயின்ட் விழும்போது சுருங்கி எழும்பும். மேல் பெயின்டுக்கு முன் அடிக்கும் சாம்பல் நிற சர்ஃபேசரோடு மாதக்கணக்கில் வெளியே நிற்பதும் அதே கதைதான். காசு சேர அவகாசம் வேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், வண்டி எபாக்சியோடு உள்ளே நிற்கட்டும். இரண்டாவது, "மண்ணெண்ணெய் தடவி வைக்கலாமே?" தடவலாம், கொஞ்ச நாளைக்குத் துரு தள்ளிப் போகலாம். ஆனால் மடிப்பில் இறங்கியது பெயின்ட் அடிக்கும் நாளில் கசிந்து வந்து மீன் கண் மீன் கண்ணாகக் குழி போடும்.

கடைசியாக, கதவின் அடி, டிக்கித் தரை, ஹெட்லைட் கிண்ணத்தின் பின்பக்கம். அம்பாசடரானாலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டானாலும் துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. மேல் பெயின்ட் இறுகிய பிறகு இந்த இடங்களில் மெழுகு அடித்து, கதவின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சரிபார்த்துத் தருகிறோம். வண்டியைக் கழுவிய பின் கதவடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். சொட்டாவிட்டால்தான் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பெயின்ட் ஷெட்