மணிக்கூண்டுக் கல்லில் இல்லாத 14 பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டைக் கடந்து போகாத வேலூர்க்காரர் இருக்க முடியாது. ஆனால் காய்கறிக்கும் மளிகைக்கும் விரைகிற அந்த நெரிசலில் ஒரு நிமிடம் நின்று, அங்கே பதித்திருக்கும் ஆங்கிலக் கல்வெட்டை வாசித்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். 1914-18 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, வேலூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்பதே அதன் செய்தி. அந்த 14 பேர் யார், யார் பெற்ற பிள்ளைகள், எந்தப் படைப்பிரிவில் இருந்தார்கள், எந்த மண்ணில் விழுந்தார்கள் என்று கல் எதுவும் சொல்வதில்லை. அவர்களுடைய பெயர்களைத் தேடி எடுத்து, பழைய கல்லுக்குக் கீழே தமிழில் பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பாட்டியின் தாய்மாமன் அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவர். எங்கள் வீட்டில் அவரை, இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ரா என்ற ஊரை வைத்து, 'பஸ்ராக்காரர்' என்றே குறிப்பிட்டார்கள். இறந்தவர் பெயரைச் சொன்னால் தன் தாய் அழுவாள் என்பதற்காக வீட்டார் அந்தப் பெயரையே தவிர்த்துவிட்டார்கள் என்றும், பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போய்விட்டது என்றும் பாட்டி சொல்வார். அரசு அனுப்பிய வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தது. ஒரு பஞ்ச காலத்தில் அதையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதை நான் வெகு காலம் கழித்துப் படித்தபோது, வீட்டில் இருந்த ஒரே எழுத்துச் சான்றை உருக்கக் கொடுத்திருக்கிறோம் என்று உணர்ந்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பசித்த வயிற்றுக்கு முன்னால் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும், கர்நாடிக் என்றும் பாளையங்கோட்டை என்றும் வாலாஜாபாத் என்றும் நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய காலாட்படைகளும் அன்று இருந்தன. சாப்பர்ஸ் வீரர்கள் மெசபட்டோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றின் மீது பாலம் அமைத்தவர்கள். நிலமோ செல்வாக்கோ இல்லாத, ஊர் ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் படையில் நிறைய இருந்தார்கள். குண்டுக்குப் பலியானவர்கள் போக, காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அந்தப் பாலைவன வெயிலுக்கும் பலியானவர்கள் ஏராளம்.

அப்படி இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பஸ்ராவில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அதிலும் நம்மவர்களுக்கு நேர்ந்தது இதுவேதான். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட, சாதாரண இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'இன்னும் இத்தனை பேர்' என்ற எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். பிரான்சு நாட்டின் நூவ் சாப்பல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, முடியாமல் விட்டதாக இதைக் கொள்ள இயலாது. வேண்டாம் என்று விட்டதுதான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆங்கிலேயர் செய்ததை ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். நாம் என்ன செய்தோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் இறந்த வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். அதுவும் அரசனுக்கு மட்டும் நட்டதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எருமை மந்தையைக் காக்கும்போது மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு ஒரு நடுகல் உண்டு. திருடர் இருவரைக் கடித்து அவனருகிலேயே காவல் நின்ற அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாத இந்த வட்டாரத்தில், நூறாண்டுக்கு முன்பு இறந்த மனிதர்கள் வெறும் எண்ணாக நிற்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நாம் ஏன் கல் வைக்க வேண்டும் என்று என்னிடம் நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. அந்தப் போர் நம்முடைய போர் அன்று என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்கும் வேளைச் சோற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு, கப்பல் எங்கே போகிறது என்றுகூடத் தெரியாமல் ஏறியவனிடம் பேரரசின் கணக்கை நாம் தீர்த்துக்கொள்வது நியாயமாகாது. இன்றும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிவரும் மாவட்டம் இது. படைக்குப் போன பிள்ளையின் கடிதம் வரத் தாமதமானால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்குப் பெரும் செலவோ ஆராய்ச்சிக் குழுவோ தேவைப்படாது. பஸ்ரா நினைவகத்துச் சுவரில் இல்லாத பெயர்கள் ஆணையத்தின் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். பல பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் வட்டமும் வட ஆற்காடு என்ற பழைய மாவட்டப் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. சிக்கல் ஒன்றுதான்: அவையெல்லாம் தமிழ் அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. அங்கே இருப்பது முனுசாமியா முனியசாமியா என்பதையும், எழுத்துக் குலைந்து கிடக்கும் ஊர்ப்பெயர் எந்தச் சிற்றூரைக் குறிக்கிறது என்பதையும், இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களால்தான் சரியாகப் படிக்க முடியும். ஆகவே மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் சேர்ந்து இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலூரில் மட்டுமல்ல, 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர்' என்று தொடங்கும் இதே வகைக் கல் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் இருக்கிறது. வாசகர்கள் தங்கள் ஊரில் அப்படியொரு கல்லைக் கண்டால், அதன் மேல் சுண்ணாம்போ சுவரொட்டியோ ஏறுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். வெள்ளியிலோ வெண்கலத்திலோ பழைய போர்ப் பதக்கம் வைத்திருக்கும் குடும்பங்கள் அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெயர் இருக்கும்.

நான் நாற்பதாண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். வேலூர் வட்டத்து ஊர்களைக் குறிக்கும் பதிவுகளைப் பிரித்தெடுத்து, பெயர்களைத் தமிழில் எழுதும் வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியிருக்கிறேன். நிர்வாகம் கேட்டால் மறுநாளே கொண்டுவந்து கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
வேலூர்.