மனுவிலிருந்து உரிமைக்கு: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் காலனியாதிக்கம் பற்றிய பாடம் முடிந்ததும், ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டத்துக்கும் அதற்கு ஊக்கமளித்த பான்-ஆப்பிரிக்கச் சிந்தனைக்கும் (உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒன்றுபட வேண்டும் என்ற கருத்து) நான்கு வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையை ஒதுக்கியிருக்கிறோம். தேர்வில் வராத ஒன்றுக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் இருவர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அன்று நான் அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் கூடிய வல்லரசுகள், ஆப்பிரிக்காவைப் பிடிப்பதற்கான விதிகளைத் தங்களுக்குள் வகுத்துக்கொண்டன. அம்மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இடமில்லை. நானும் பல ஆண்டுகள் இதை நடத்திவிட்டு, 'பின்னர் அந்நாடுகள் விடுதலை பெற்றன' என்ற ஒற்றை வரியோடு புத்தகத்தை மூடியிருக்கிறேன். அந்த 'பின்னர்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய சிந்தனையும் சிறைவாசமும் அடங்கியிருக்கின்றன என்பதைத்தான் இந்த நான்கு வகுப்புகளில் சொல்ல விரும்புகிறோம்.

1900 ஜூலையில், கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவிலிருந்து லண்டன் சென்று சட்டம் பயின்ற ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டினார். தென்னாப்பிரிக்காவிலும் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே பகுதி) கறுப்பின மக்கள் நடத்தப்படும் விதத்தை எடுத்துரைத்து விக்டோரியா மகாராணிக்கு மனு அனுப்பினார்கள். பழங்குடி மக்களின் நலனை அரசு புறக்கணிக்காது என்று பதில் வந்தது. மனு கொடுத்துப் பழகிய நமக்கு இத்தகைய பதிலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1919இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் பாரிஸில் கூட்டிய மாநாடும் படிப்படியான சீர்திருத்தங்களைத்தான் கேட்டது.

அந்தக் குரல் மாறியது 1945 அக்டோபரில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். ஏறத்தாழ 90 பேராளர்கள் கலந்துகொண்ட அது, 1919இலிருந்து எண்ணினால் ஐந்தாவது மாநாடு. டிரினிடாடைச் சேர்ந்த ஜார்ஜ் பாட்மோரும், அப்போது கோல்டு கோஸ்ட் எனப்பட்ட கானாவைச் சேர்ந்த குவாமே நுக்ருமாவும் அமைப்புப் பணியை முன்னின்று செய்தார்கள். கென்யாவின் ஜோமோ கென்யாட்டா வந்திருந்தார். 77 வயது டு பாய்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். முந்தைய மாநாடுகளில் படித்த மேல்தட்டினரே மிகுதி என்றால், இங்கே தொழிற்சங்கத்தாரின் குரலும் ஓங்கி ஒலித்தது. இனிச் சீர்திருத்தம் போதாது, விடுதலை வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். மேலைநாடுகள் பலத்தால்தான் ஆள்வோம் என்று நின்றால், கடைசி வழியாக ஆப்பிரிக்கர்களும் பலத்தை நாட வேண்டி வரலாம் என்றும் எச்சரித்தார்கள். வெவ்வேறு கடல்களுக்கு அப்பால் பிறந்தவர்கள், தங்களை ஆண்ட நாட்டின் ஒரு நகரிலேயே கூடித் தாங்கள் ஒரே தளையில் அகப்பட்டவர்கள் என்று உணர்ந்த அந்த வாரம், என் பார்வையில் பெர்லின் மாநாட்டைவிடக் கூடுதல் நேரம் செலவிடத் தக்கது.

மாணவர்களுக்கு நான் விரிவாகச் சொல்லவிருக்கும் நாள் 1948 பிப்ரவரி 28. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்காகப் பர்மாவிலும் பிற முனைகளிலும் போரிட்டுத் திரும்பிய கோல்டு கோஸ்ட் வீரர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய உதவித்தொகையையும் வேலையையும் கேட்டு, ஆளுநரிடம் அளிப்பதற்கான மனுவுடன் தலைநகர் அக்ராவில் ஊர்வலமாகச் சென்றார்கள். காவல்துறை சுட்டதில் அஜெட்டே, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டே என்ற மூன்று வீரர்கள் இறந்தார்கள். நகரம் கொந்தளித்தது, நுக்ருமா, ஜே.பி. டான்குவா உள்ளிட்ட ஆறு தலைவர்களை அரசு காவலில் வைத்தது. அடுத்த ஆண்டு தனிக்கட்சி தொடங்கிய நுக்ருமா, காந்தியின் வழியிலிருந்து கற்ற வன்முறையற்ற போராட்டத்தை 1950இல் நடத்திச் சிறை சென்றார். சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் வென்றார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றபோது, ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை பெறாதவரை எங்கள் விடுதலைக்குப் பொருளில்லை என்று அவர் அறிவித்தார். 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லி முடிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நுக்ருமாவின் அரசு 1958இல் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் கொண்டுவந்தது. அவரோடு 1948இல் காவலில் இருந்தவரும், புதிய நாட்டுக்குக் கானா என்ற பழம்பேரரசின் பெயரைச் சூட்ட வலியுறுத்தியவருமான டான்குவா, அச்சட்டத்தின்கீழ் அடைபட்டு 1965இல் சிறையிலேயே இறந்தார். அடுத்த ஆண்டே இராணுவம் நுக்ருமாவைக் கவிழ்த்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது கடினம் என்று சக ஆசிரியர் ஒருவர் கருதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்வகுப்புகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் 1914ஆம் ஆண்டு ஆப்பிரிக்க வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வரைந்து வர வேண்டும். விலை கொடுத்து அட்டை வாங்க வேண்டாம், பழைய நாட்காட்டியின் பின்புறம் போதும். ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றிய அனுபவம் உள்ள பெற்றோர் யாரேனும் கடைசி வெள்ளியன்று வந்து அரைமணி நேரம் பேச இசைந்தால், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்