சுருக்கிய கையோடு அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கணினிப் பகுதியில், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் திரையில்) ஃபைல்களைச் சுருக்குவது, பிரிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். இதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கடைசியில், சுருக்கி முடித்ததும் பழைய ஃபோல்டரை அழித்துவிடலாம் என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. சுருக்கியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்காமலே மூலத்தை அழிக்கச் சொல்லலாமா?

பட்டதால் சொல்கிறேன். இரண்டு வருடமாகச் சேர்த்த குறிப்புகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன. ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் டார் கட்டளையில், முன்னால் ஒரு கோடு போட்டு சி, வி, இசட், எஃப் என்று வரிசையாகத் தட்டவேண்டிய இடத்தில் அவசரத்தில் சி, வி, எஃப், இசட் என்று தட்டிவிட்டேன். இப்படிக் கோடு போட்டுக் கொடுத்தால் எஃப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எது வருகிறதோ அதைத்தான் டார் புது ஃபைலின் பெயராக எடுத்துக்கொள்ளும், அதனால் நான் கொடுத்த பெயரில் எதுவும் உருவாகாமல் வெறும் இசட் என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு ஃபைல் உருவாகியிருக்கிறது, அதுவும் சுருக்கப்படாமல், ஏனென்றால் சுருக்கச் சொல்லும் எழுத்தே அந்த இசட்தான். நான் கொடுத்த பெயரில் ஒரு ஃபைல் இல்லை என்று டார் சொல்லத்தான் செய்தது. நூற்றுக்கணக்கான பெயர்கள் கடகடவென்று ஓடும்போது அதை யார் கவனிப்பது? முடிந்தது என்று நினைத்து ஃபோல்டரை அழித்தேன். அப்புறம் இசட் என்று ஏதோ குப்பை கிடக்கிறதே என்று அதையும் அழித்தேன். இரண்டு வருட உழைப்பு அவ்வளவுதான்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த ஒற்றை எழுத்துகளையே சொல்லிக்கொடுக்காதீர்கள். கிரியேட், லிஸ்ட், எக்ஸ்ட்ராக்ட், ஃபைல் என்று முழுச் சொல்லாக, முன்னால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாலும் டார் ஏற்றுக்கொள்ளும். தட்டக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் வரிசை மாறி இப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள். சுருக்கி முடித்ததும் லிஸ்ட் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும். லினக்ஸில் இருக்கும் குனு டாரில் கம்பேர் என்றும் ஒன்று உண்டு, கட்டுக்குள் இருப்பதையும் டிஸ்க்கில் இருப்பதையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சொல்லிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, ஜிப்பும் டாரும் ஒன்றுதான் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த டார், காந்த நாடாவில் சேமிப்பதற்காக ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டுகிற கருவி, தானாகச் சுருக்காது. அந்தக் கட்டைச் சுருக்குவது 1992-இல் வந்த ஜிஜிப் போன்ற வேறு கருவி. மொத்தக் கட்டும் ஒரே ஓட்டமாகச் சுருங்குவதால் நடுவில் ஓரிடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் போய்விடும். ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சுருக்குவதால் ஒன்று கெட்டாலும் மற்றவற்றை மீட்க வழியிருக்கிறது. ஜிஜிப்பைத் தனியாக ஓட்டினால் மூல ஃபைலை அதுவே நீக்கிவிடும், கீப் என்று சேர்த்தால்தான் விட்டுவைக்கும். இதையும் நீங்கள் சொல்லவில்லை.

பிரிக்கும்போதும் அப்படித்தான். சிலர் அனுப்பும் கட்டில் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு ஃபோல்டர் இருக்காது, பிரித்த இடமெல்லாம் ஃபைல்கள் சிதறிவிடும். ஜிப்பைப் பிரிக்கும் அன்ஜிப்பாவது அதே பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதட்டுமா என்று கேட்கும். டார் கேட்காது, எழுதிவிடும். அதனால் முதலில் லிஸ்ட், பிறகு காலியாக ஒரு புது ஃபோல்டர், அதற்குள் போய்ப் பிரிப்பது.

படங்களையும் வீடியோக்களையும் சுருக்கினால் இடம் மிச்சமாகும் என்பதும் சரியில்லை. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், மறுபடி சுருக்கினால் பெரிதாக எதுவும் குறையாது.

இந்த வாரம் அதே பகுதியில், அதே இடத்தில், சரிபார்க்காமல் மூலத்தை அழிக்கவேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். போன வாரம் படித்துவிட்டு இன்னும் செய்துபார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்