கொய்யாவைப் பிடுங்கவும் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடங்கள் என்று சென்ற இதழில் போட்ட பக்கத்தில் நம் மொரிஷியஸ் தீவின் பிளேன் ஷாம்பாஞ் மேட்டையும் சேர்த்திருந்தீர்கள். சீனக் கொய்யா பழுக்கும் மாதங்களில் கூடையோடு போகச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. உப்பையும் மிளகாய்த்தூளையும் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். பேரப்பிள்ளைகள் நாங்கள் செடியடியிலேயே தின்று தீர்த்துவிடுவோம். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் செடி நம் காட்டுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

பேர்தான் சீனக் கொய்யா. அதன் சொந்த ஊர் பிரேசில். குரங்கும் காட்டுப்பன்றியும் பறவைகளும் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட்டுவிடுகின்றன. போன குளிர்காலத்தில் என் மகன் மக்காபே காட்டு நடைபாதையில் என்னை அழைத்துப்போனான். அங்கே கம்பிவேலி போட்டுக் களை எடுத்த ஒரு துண்டுக் காடு இருக்கிறது. வேலிக்கு வெளியே கையை நுழைக்க இடமில்லாமல் கொய்யாத் தண்டுகள்; அடியில் வெளிச்சமே விழாத வெறும் மண். உள்ளே, விரல் உயரத்தில் நாட்டு மரக் கன்றுகள். கருங்காலியும் ‘நாத்’ என்ற நாட்டு மரமும் பெரிய மரமாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த நான், அவற்றைக் கன்றாகப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

ஒருமுறை வெட்டினால் கொய்யா போய்விடாது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதையும் முளைக்கும். திரும்பத் திரும்ப ஆள் போய்ப் பிடுங்க வேண்டும். வேலி மானையும் பன்றியையும் தடுக்கும், குரங்கை என்ன செய்யும்?

1974இல் காட்டில் எஞ்சியிருந்த மொரிஷியஸ் வல்லூறு 4தான். 1990 வாக்கில் இளஞ்சிவப்புப் புறாவும் சுமார் பத்துதான். இன்று அந்தப் புறாக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றால் பலபேர் பல வருடம் பட்ட பாடு அது, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இன்னும் அவற்றுக்குத் தட்டில் தீனி வைக்க வேண்டியிருக்கிறதே, ஏன்? நல்ல நிலையில் உள்ள நாட்டுக் காடு இந்தத் தீவில் 2 சதவீதம்கூட இல்லை. பிளாக் ரிவர் கோர்ஜஸ் பள்ளத்தாக்குக் காட்டை 1994இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், பரப்பு 6,500 ஹெக்டேருக்கு மேல். அதிலும் பெரும்பகுதியில் கொய்யாவும் மற்ற வெளிநாட்டுச் செடிகளும்தான் மண்டியிருக்கின்றன. பறவைகளைக் காப்பாற்றிவிட்டோம், அவை பிழைக்கக் காட்டை இன்னும் மீட்டுத் தரவில்லை.

புதிதாக எந்த இடத்தைத் திறந்தாலும் சரி, முதலில் ஏற்கெனவே களை எடுத்த இடங்களை வருடந்தோறும் பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். இதை அரசாங்கத்திடம் உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். நம் கோயில் சங்கங்களும் பூங்கா அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டு, வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களை அனுப்பலாம். நாமாகவே போய்ப் பிடுங்கக் கூடாது. நாட்டுக் கன்று எது, கொய்யாக் கன்று எது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், கங்கா தலாவ் புனித ஏரியில் பூஜை முடிந்து குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம். அனுமார் என்று நினைத்து அன்போடுதான் கொடுக்கிறோம், நானும் கொடுத்தவள்தான். அதே குரங்குகள் காட்டுக்குள் போய்ப் புறாக்கூட்டில் முட்டையைத் தின்கின்றன. இப்போது நிறுத்திவிட்டேன்.

அடுத்த கொய்யாப் பருவத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி போடும்போது, பழம் பறித்துவிட்டு வேலி போட்ட பாதைகளுக்குள் போகிறவர்கள் செருப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போகும்படி தயவுசெய்து எழுதுங்கள். விதை அதில் ஒட்டிக்கொண்டு போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாக்வா