எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து: திருகோணமலையில் சுகாதார சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

விபத்தில் அடிபட்ட என் கழுத்துக்குப் பிசியோதெரபி பார்க்க, போன செவ்வாய்க்கிழமை என் கிளினிக் கொப்பியில் இன்னொரு திகதி போட்டுத் தந்தார்கள். முதல் திகதியே விபத்து நடந்து 14 கிழமைக்குப் பிறகுதான். அன்று பார்த்து பிசியோதெரபிஸ்ட் லீவு. புதுத் திகதிக்கு இன்னும் 6 கிழமை. ஆட்கள் போதாது என்ற கதை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடுவோம்.

நடந்தது பெரிய விபத்தும் இல்லை. அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட, மாடு குறுக்கே வர நின்ற ஓட்டோவில் பின்னால் வந்த வான் இடித்தது. ஓட்டோ கொஞ்சம் நெளிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் “எலும்பில் ஒன்றுமில்லை” என்றார். அது உண்மைதான். பனடோலும் ஒரு கழுத்துக் கொலரும் தந்தார்கள். கொலரை எப்போது கழற்றுவது என்று யாரும் சொல்லவில்லை. நானும் நல்ல பிள்ளையாக இரண்டு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிசியோதெரபி படிக்கும் அண்ணாவின் மகள்தான் அதற்கு என்னை ஏசினாள். பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு முன்னே போய்விடும், தலை ஒரு கணம் பிந்தும். அந்த இழுவையில் பிடரிப் பக்கத்துச் சின்ன மூட்டுகளும் தசைகளும் அடிபடலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாது. எலும்பு முறியாதவர்கள் கழுத்தைக் கட்டிவைக்காமல் மெல்ல மெல்ல அசைக்க வேண்டுமாம். நிறையப் பேருக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடம் போயும் ஏதோ ஒரு நோ மிஞ்சுகிறது. தொடக்கத்திலேயே நோ கடுமையாக இருந்தவர்கள், விபத்தை நினைத்து நினைத்துத் திடுக்கிடுகிறவர்கள், இனி மாறாது என்று பயந்து கிடப்பவர்கள்தான் இதில் அதிகம். சூடு கண்ட பூனை போல நரம்புகளும் மிரண்டுபோய், சும்மா திரும்பினாலே நோகத் தொடங்கும். இது நடிப்பில்லை. “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய காரியமும் இல்லை.

தேறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் தேறுகிறார்கள். நீங்கள் தந்தது 14ஆம் கிழமை. கணக்குப் பார்த்தே போட்டீர்களோ?

நான் தையல்காரி. குனியாமல் தைக்க முடியாது. மெஷின் மேசைக்கு அடியில் இரண்டு பலகை வைத்து உயர்த்திப் பார்த்தேன். பத்து நிமிடம் தைத்தால் பிடரியில் தொடங்கும் உளைவு கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும். அப்புறம் சுவரில் சாய்ந்து இருப்பேன். ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிடுகிறேன். அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் ஊசி அப்படியே கிடக்கும். பாடசாலைச் சீருடைக் காலத்தில் வந்த துணிகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறபடியால் எனக்கு நோ என்று வாடிக்கையாளர்களும் நம்புவதில்லை.

ஆகவே கேட்பது இதுதான்: கழுத்தில் அடிபட்டு வருகிறவர்களை இரண்டு கிழமைக்குள் ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும். கால் மணித்தியாலம் போதும். எதை அசைக்கலாம், கொலரை எப்போது விடலாம், நோவு வந்தால் ஏன் பயப்படத் தேவையில்லை என்று தமிழில் சொன்னால் போதும். அதற்குப் பெரிய மெஷின் ஒன்றும் தேவையில்லை.

மெஷின் என்றதும் ஞாபகம் வருகிறது. காத்திருக்கும் மண்டபத்தில் இலக்கம் காட்டும் பலகையைக் கூரைக்குக் கிட்ட மாட்டியிருக்கிறீர்கள். கழுத்து நோகாமல் வந்தவருக்கும் போகும்போது நோகும். தெருவில் திரியும் மாடுகளைப் பற்றியும் ஒரு மடல் எழுதலாம், அது வேறு கந்தோர். மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

இரண்டு கிழமைக்குள் ஒரு தடவை. தயவுசெய்து அதை மட்டும் ஒழுங்கு செய்து தாருங்கள். எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, என் திகதிக்கு நான் வருவேன். நேற்று அடிபட்டு வந்தவருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலையூற்றிலிருந்து ஒரு தையல்காரி