சித்திரத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பின்தங்கிய குடியிருப்புகளில் சுவர்தோறும் வண்ண ஓவியங்கள் தீட்டினால் அப்பகுதிகளின் தோற்றமும், அங்குள்ள இளைஞர்களின் மனப்போக்கும் மாறும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம் அது. நான் முதலியார்பேட்டையில், மில்லை ஒட்டிய தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். போர்டு எழுதுபவனாகத் தொழிலைத் தொடங்கி, இன்று சுவரோவியமும் உருவப்படமும் வரைந்து பிழைப்பவன். அவர் பாராட்டும் வகையான ஓவியங்கள் சிலவற்றை நானும் தீட்டியிருக்கிறேன். ஆகவே ஓவியம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் அந்த ஓவியம் எப்படிப்பட்ட சுவரின்மேல் தீட்டப்படுகிறது என்பதை யாராவது ஒருவர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் பகுதியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் இன்றும் ரோடியர் மில் என்றே அழைக்கும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) நெசவாலை 1898இல் தொடங்கப்பட்டது. அந்த ஆலையின் சங்கொலியை வைத்தே உலை வைத்த, பிள்ளைகளை எழுப்பிய தெருக்கள் எங்களுடையவை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் ஆலை பலத்த சேதமடைந்தது. அதற்குப் பிறகு அது பழைய ஓட்டத்துக்குத் திரும்பவேயில்லை. பல ஆண்டுகள், வேலை இல்லாத காலத்துக்குத் தரப்படும் லே-ஆஃப் சம்பளத்தில் குடும்பங்கள் ஓடின. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு ஆலை முறைப்படி மூடப்பட்டது. ஊரடங்கின் நடுவில் நடந்ததால் அந்த நாளில் வாசலில் கூடி நின்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக்கூடத் தொழிலாளர்களுக்கு வாய்க்கவில்லை. இப்போது ஏ.எஃப்.டி. என்றால் பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் நடக்கும் திடல் என்றுதான் இளம் தலைமுறைக்குத் தெரிகிறது. பேருந்து நிலையம் புதுப்பிக்கப்பட்டபோது தற்காலிகப் பேருந்து நிலையமும் அந்தத் திடலுக்குத்தான் வந்தது.

மில் போன பிறகு தெரு எப்படிப் பிழைக்கிறது என்பதை, முகங்களை உற்றுப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கவனித்து வந்திருக்கிறேன். தறிக்கூடத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் நின்றவர்களில் பலருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர்கள் உரக்கப் பேசுவார்கள்; எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வார்கள். வரைவதற்காக உட்கார வைத்தால், கேட்கும் காதைச் சற்று முன்னே கொடுத்து முகத்தைச் சாய்த்தே உட்காருகிறார்கள். நேராக உட்காருங்கள் என்று நான் சொல்வதில்லை. அந்தச் சாய்வு இல்லாமல் வரைந்தால் அது அவருடைய படமாக இருக்காது. நூற்புப் பிரிவில் பஞ்சுத் தூசியிலேயே காலத்தைக் கழித்தவர்கள், நான் முகத்தின் கோட்டை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து இருமிவிட்டு வருவார்கள். இவர்களில் உடம்பில் தெம்புள்ளவர்கள் ஏடிஎம் வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இரவுக் காவலுக்குப் போகிறார்கள். பெண்கள் விடிந்ததும் ரயில்வே கேட்டைத் தாண்டி, பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் விருந்தினர் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றவும் தரை துடைக்கவும் செல்கிறார்கள். இளைஞர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி வாடகைக்கு விடும் கடைகளிலும் உணவு விநியோகத்திலும் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் வந்தால் தெருவில் பணம் புழங்கும். மழைக்காலத்தில் அவர்கள் வராவிட்டால் மளிகைக் கடையின் கடன் நோட்டு தடிக்கும்.

1936 ஜூலை 30 அன்று இந்த ஊரின் மில் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம், கொடியேற்றுகிறோம். அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலையை, வார விடுமுறை உண்டா என்று கேட்காமலே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் அந்த நாளில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் போர்டு எழுதும் தொழில் படுத்துவிட்டது. நூலில் சாக்பீஸ் பொடி தடவிக் கோடடித்து, எழுத்தின் வளைவை ஒரே மூச்சில் இழுத்து முடிக்கப் பழகிய கைகள் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போயின. எனவே சுவரோவியத் திட்டங்கள் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். ஆனால் என்ன வரைவது என்பதை எங்கள் தெரு முடிவு செய்யவில்லை. ஒப்பந்தம் எடுத்தவரின் கைப்பேசியில் படங்கள் வந்தன. இருபுறமும் விரிந்த வண்ணத்துப்பூச்சிச் சிறகுகள் வேண்டும், நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் சுவரும் காகிதப் பூங்கொடியும் தொங்கும் பிரெஞ்சு ஜன்னல் வேண்டும். தலைப்பாகையோடு பாரதியார் வேண்டும். பாரதியாரை வரைய எனக்கு ஆட்சேபணை இல்லை; பத்தாண்டு காலம் அவர் வாழ்ந்த ஊர் இது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லாத பிரெஞ்சு ஜன்னலை, பத்து மாதமாக நீர் தேங்கி நிற்கும் வாய்க்காலுக்கு மேலே வரைந்தபோது, போகிற வருகிற பெண்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை.

வேலை தொடங்கும் முன்பே, இந்தச் சுவர் உப்பு அரித்த சுவர், தரையிலிருந்து மூன்றடிக்கு ஈரம் ஏறியிருக்கிறது, இதன்மேல் பெயின்ட் நிற்காது என்று மேற்பார்வையிட்டவரிடம் சொன்னேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதைப் பிறர் பழமொழியாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது அன்றாட வேலைக் குறிப்பு. அந்த ஓவியத்தின் கீழ்ப்பாதி ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டவில்லை. அடுத்து, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் நுழைந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாரதியாருக்கு மீசையும் கண்களும் மிஞ்சியிருந்தன. வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு சிறகின் மேல்நுனி இருந்தது.

புயலைக் குறை சொல்வது எளிது. ஆனால் சுவரை அழித்தது புயல் அல்ல. ஆண்டு முழுவதும் அதன் காலடியில் நிற்கும் தண்ணீர்தான். பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. கடலோர ஊரில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கிறது. செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது; வெளிப்புறத்தில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. முற்காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் வழியே ஈரம் வெளியேறிவிடும், சுவர் காய்ந்துவிடும். இப்போது சிமென்ட் பூசி, அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட் அடித்து அடைத்துவிடுகிறோம். போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகிறது. பெயின்ட் கொப்புளித்துப் பட்டை பட்டையாக உரிகிறது. அதாவது, அழகுக்காக அடித்த வண்ணமே அந்த வீட்டுக்காரரின் சுவரை விரைவாகப் பாழாக்குகிறது. வெளியே வண்ணத்துப்பூச்சி இருந்த அதே சுவரின் உட்பக்கத்தில்தான் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கிறது.

இதோடு சாலை உயரும் கதையும் சேர்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. என் சிறு வயதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறித் திண்ணைக்குப் போவோம். இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். திண்ணை என்று ஒன்று இருந்ததே சில வீடுகளில் தெரியவில்லை. நிலைப்படிக்கு முன்னால் செங்கல் வைத்து ஒரு முழம் தடுப்புக் கட்டிக்கொண்டு மழைக்காலத்தை எதிர்கொள்கிறவர்களிடம், உங்கள் சுவரில் மயில் வரையட்டுமா, மீன் வரையட்டுமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எப்படிச் செய்வது என்பது இந்த ஊருக்குத் தெரியாததும் அல்ல. வைசியாள் வீதியில் திண்ணையும் தூணும் தாழ்வாரமுமாகப் பழைய தமிழ் வீடுகளின் முகப்புகள் முறைப்படி செப்பனிடப்பட்டன. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. கடற்கரையில் இருந்த, பிரெஞ்சுக்காரர் காலத்து நகர்மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே புதிதாக எழுப்பப்பட்டது. சுவரின் நோயைக் கவனிக்காமல் விட்டால் மேரியே விழும் என்பதையும், மனம் வைத்தால் அதை மீட்டெடுக்க முடியும் என்பதையும் நாம் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு, மரபுச் சின்னம் என்று யாரும் பட்டியலிடாத மில் தெரு வீடுகளுக்கும் வந்தால் போதும்.

இளைஞர்களின் மனப்போக்கு பற்றி வாசகர் எழுதியதற்கும் ஒரு வார்த்தை. சுவரில் வண்ணம் நிரப்ப எங்கள் தெருப் பையன்கள் சிலர் உடன் நின்றார்கள். கோடு கலையாமல் விளிம்பு பிடிக்கும் நிதானம் அவர்களில் இருவருக்கு இயல்பாகவே இருந்தது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, அங்கே ஓவியத்தைப் படிப்பாகவே படிக்கலாம் என்று சொன்னபோது, பக்கத்து ஊரிலேயே அப்படி ஓர் இடம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களை மாற்ற வேண்டியதில்லை. சேர்க்கைக் காலத்தில் யாராவது வந்து விவரம் சொன்னால் போதும். மாற வேண்டியது பிறரின் பார்வைதான். வேலை கேட்டுப் போகிற இடத்தில் முகவரியைப் பார்த்ததும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை அவர்கள் அறிவார்கள். அதில் தங்களைப் போன்ற நாளிதழ்களுக்கும் பங்குண்டு என்பதை மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன். அடிதடியும் கைதும் நடந்தால்தான் எங்கள் பேட்டைகளின் பெயர் அச்சில் வருகிறது. வேறு பகுதியில் அதே குற்றம் நடந்தால் ஆளின் பெயர் வருகிறதே தவிர, தெருவின் பெயர் தலைப்பில் வருவதில்லை.

நான் வேண்டுவது இதுதான். ஓவியத்துக்கென ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு வாய்க்காலைத் தூர்வாரிச் சரிவு பார்த்துக் கட்டுவதற்கும், இரண்டாம் பங்கு இடுப்பளவு உயரத்துக்குப் பழைய பூச்சை உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவதற்கும் போகட்டும். மிஞ்சுவதில் வரையலாம். நிதியாண்டு முடிகிறது என்பதற்காக மாசி, பங்குனியில் அவசரமாக வரைவதை விட்டுவிட்டு, வெயில் நன்றாக ஏறிச் சுவர் வறண்டிருக்கும் வைகாசி, ஆனியில் தொடங்க வேண்டும். அக்ரிலிக்குக்குப் பதிலாகச் சுண்ணாம்பில் கலக்கும் காவி, மஞ்சள், கரி போன்ற நிறங்களைப் பயன்படுத்தினால் பளபளப்பு குறையும், ஆனால் சுவர் மூச்சுவிடும்; ஆண்டுக்கொரு முறை தெருக்காரர்களே மேற்பூச்சுக் கொடுத்துக்கொள்ளலாம். எதை வரைவது என்பதை அந்தந்த வீட்டுக்காரரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் கேட்டால் பலர் சாமி படம் கேட்பார்கள்; சிலர் தம் தகப்பனார் தறியருகே நிற்கும் படத்தைக் கேட்பார்கள்; ஒன்றும் வேண்டாம், வெள்ளை அடித்துக் கொடுங்கள் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வெள்ளையே அடித்துக் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒரு பணியை அரசுத் துறையோ தொண்டு அமைப்போ எங்கள் தெருவில் தொடங்க முன்வந்தால், எந்தெந்தச் சுவரில் எத்தனை அடிக்கு ஈரம் ஏறியிருக்கிறது என்று வீடு வீடாக அளந்து கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். ஏணியும் சாரமும் என்னிடமே உள்ளன. சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் இருவர் எங்கள் பகுதியில் இன்னும் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டதால், அடுத்த கோடைக்குள் இதைத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஓவியர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.